கழுத்தைக் காக்கும் கருவி

மோட்டார்ப் பந்தய வீரர்கள் தோளில் அணியும் 'ஹான்ஸ்' என்னும் காப்பு, 2001ஆம் ஆண்டில் டேல் எர்ன்ஹார்ட் மாண்ட பிறகே பிறந்தது என்று பலர் நம்புகின்றனர். உண்மை வேறு.

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிட்-ஒஹையோ களத்தில் பாட்ரிக் ஜாக்மார் என்னும் பிரெஞ்சு வீரர் உயிரிழந்தார். அவருடைய நண்பர் ஜிம் டௌனிங், தம் மைத்துனரும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ராபர்ட் ஹப்பர்டிடம் வழி கேட்டார். வண்டி சுவரில் மோதுங்கால் வார்கள் உடலைப் பிடித்துவிடும். தலையைப் பிடிப்பார் யார்? கவசத்தின் பாரத்தையும் சுமந்து அது முன்னே பாய்கிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி பிளக்கிறது. கவசம் போதும் என்ற எண்ணம் இங்கேதான் பொய்க்கிறது. எனவே ஹப்பர்ட் தோள்வார்களின் அடியில் அமரும் விறைப்பான பட்டை ஒன்றை அமைத்து, அதனின்று இரு நாடாக்களைக் கவசத்தோடு பிணைத்தார். 1980களிலேயே கருவி உருவாகிவிட்டது.

வாங்குவார்தாம் அரிதாயினர். கழுத்தை இறுக்கும், தீப்பற்றினால் வெளியேற விடாது என்றெல்லாம் அஞ்சினர். அது இருக்கையோடு பூட்டப்பட்டதன்று. வாரை அவிழ்த்தால் அணிந்தவரோடு எழுந்து வந்துவிடும். இதைச் சொல்லியும் கேட்பாரில்லை!

2000ஆம் ஆண்டில் ஆடம் பெட்டி மே மாதத்திலும், கென்னி இர்வின் ஜூலையிலும் நியூ ஹாம்ப்ஷயர் களத்தின் ஒரே வளைவில் மாண்டனர். 2001 பெப்ரவரி 18இல் டேட்டோனாவின் இறுதிச் சுற்றில் எர்ன்ஹார்ட். அவரும் அதை அணிந்திருக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் 'நாஸ்கார்' தலை-கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 2003இல் ஹான்ஸ் கட்டாயமாயிற்று. தோள் உறுத்துகிறதென்று அப்போதும் சில வீரர்கள் முணுமுணுத்தனர்.