பூட்டியது ஒரு கை. திறந்தது மறு கை!

2011ஆம் ஆண்டு ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. அமெரிக்க நாட்டில் இணையவழியே போக்கர் சீட்டாடி வந்தோர், வழக்கம்போல் கணினியைத் திறந்தனர். சீட்டுக்கட்டு தெரியவில்லை, அரசு முத்திரை தெரிந்தது! போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் எனக் கொடிகட்டிப் பறந்த மூன்று ஆட்டக்கூடங்களின் இணைய முகவரிகளும் பறிமுதலாயின. பதினொருவர்மீது குற்ற வழக்கு. 300 கோடி டாலருக்குக் குறையாமல் கோரும் உரிமை வழக்கு வேறு!

ஆட்டக்காரர்கள் அந்நாளுக்குக் 'கறுப்பு வெள்ளி' எனப் பெயரிட்டனர். கறுப்பு என்றாலே துக்கம் என எண்ணுவோர் இட்ட பெயர் அது. நமக்கோ கறுப்பு, கண்ணைத் திறக்கும் நிறம். ஆகவே துக்கம் விசாரிக்க அல்ல, துப்புத் துலக்கவே அந்நாளை நாம் அணுகுவோம். அன்று கதவு மூடியது, உண்மை. மூடிய கதவின் அருகே சாவியுடன் காத்திருந்தவர் யார்? வரலாறு அதற்கு விடை தருகிறது.

கதை 2003இல் சூடு பிடிக்கிறது. டென்னசி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், இணைய ஆட்டத்தில் 86 டாலர் கட்டி நுழைந்து, லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு அப்போட்டியில் ஆடியோர் 839 பேர். 2006இல் ஆடியோர் 8,773 பேர். மூன்றே ஆண்டில் பத்து மடங்கு! ஒருவர் வென்ற செய்தி ஊரெல்லாம் ஒலித்தது. தோற்றவர் கதையை அச்சிட ஏடு இல்லை, கேட்கச் செவியும் இல்லை.

போக்கரில் ஆட்டக்காரர் ஒருவரோடு ஒருவர் மோதுவர். கூடம் நடத்துபவர் மோதுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கை உருவிக்கொள்வார். கணக்குக்காகச் சொல்வோம்: பத்துப் பேர் கையில் ஆளுக்கு நூறு, ஆக ஆயிரம். சுற்றுக்கு ஐம்பது கூடத்துக்கு எனில், இருபது சுற்றில் ஆயிரமும் கூடத்தின் பெட்டிக்குள்! திறமைசாலி, ஏமாளி என்ற பேதமெல்லாம் மேசையைச் சுற்றி அமர்ந்தோருக்குள்தான். மேசைக்கு உரியவனுக்குத் தோல்வி ஏது?

இந்தப் பெட்டியின்மீதுதான் 2006இல் சட்டம் பாய்ந்தது. எப்படிப் பாய்ந்தது தெரியுமா? துறைமுகங்களின் பாதுகாப்புக்கென வந்த மசோதாவின் வாலில், இணையச் சூதாட்டத்துக்குப் பணம் கைமாறுவதைத் தடுக்கும் பகுதியை முடிந்துவிட்டனர். நாட்டின் பாதுகாப்பை எதிர்த்து எவர் வாக்களிப்பார்? அக்டோபர் 13 அன்று குடியரசுத் தலைவர் புஷ் கையெழுத்திட்டார். ஆடுபவன்மீது அல்ல, பணத்தைக் கடத்தும் வங்கிவழியின்மீதே பூட்டு விழுந்தது.

பூட்டுப் போட்ட கையே ஓட்டையும் வைத்தது என்பதுதான் கவனிக்கத் தக்கது. குதிரைப் பந்தயம் அந்தச் சட்டத்தின் பிடியில் சிக்கவில்லை. கற்பனை அணி அமைத்து ஆடும் விளையாட்டுப் போட்டிக்கு, சில நிபந்தனைகளுடன் விலக்கு. ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் தானே அனுமதித்து நடத்தும் ஆட்டத்துக்கும் விலக்கு. சூது தீமை என்றால் எல்லாச் சூதும் தீமையன்றோ? குதிரை ஓடினால் ஒழுக்கம், சீட்டு ஓடினால் ஒழுக்கக்கேடு என்பது எந்த நீதிநூலின் நீதி?

சட்டம் வந்தவுடன் லண்டன் பங்குச் சந்தையில் பேர்பெற்ற பார்ட்டிகேமிங் நிறுவனம் அமெரிக்காவை விட்டு அகன்றது. அதன் பங்குவிலை ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. அஞ்சியவர் விட்டுச்சென்ற அரியணையில் அஞ்சாதவர் அமர்ந்தனர். போக்கர்ஸ்டார்சும் ஃபுல் டில்ட்டும் வளர்ந்தன. முதல் தடை தந்த முதல் வாய்ப்பு, துணிந்து மீறியவனுக்கே! வங்கிகளை ஏய்க்க, சூதுப் பணத்தைக் கோல்ஃப் பந்தும் நகையும் விற்ற பணமாக வேடமிட்டு அனுப்பினர் என்பது பின்னர் அரசு சாட்டிய குற்றம்.

இரண்டாம் அடியே கறுப்பு வெள்ளி. அடித்த பிறகு உள்ளிருந்த அழுகல் வெளிவந்தது. ஃபுல் டில்ட் நிறுவனம் உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டியது ஏறத்தாழ 39 கோடி டாலர். 2011 மார்ச் இறுதியில் அதன் வங்கிக் கணக்கில் இருந்ததோ ஏறத்தாழ 6 கோடி! நான்கே ஆண்டில் 44 கோடி டாலருக்கு மேல் உரிமையாளர்கள் பங்கிட்டுக்கொண்டனர் என்றது அரசு. 2012இல் போக்கர்ஸ்டார்ஸ், 73 கோடியே 10 லட்சம் டாலர் தர இசைந்து சமரசம் செய்தது. வீழ்ந்த போட்டியாளனின் சொத்தையும் அதே உடன்பாட்டில் பெற்றது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கே கொள்முதல் வாய்ப்பு! அமெரிக்க ஆட்டக்காரரின் கைக்கு முதல் தவணை வந்து சேர்ந்ததோ 2014 பிப்ரவரியில்தான். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டோர் சிலர் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் குடிபெயர்ந்து, அங்கிருந்து ஆடினர். சிறியவனுக்குக் கிட்டிய வாய்ப்பு, மூட்டை கட்டும் வாய்ப்பு!

பெரியவர்களுக்கு? அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று, கறுப்பு வெள்ளிக்கு எட்டே மாதம் கழித்து, அதே நீதித்துறை ஒரு கருத்துரையை வெளியிட்டது. 1961ஆம் ஆண்டுக் கம்பிவழிச் சட்டம் விளையாட்டுப் பந்தயத்துக்கு மட்டுமே பொருந்தும், பிற சூதுகளுக்கு அன்று என்றது அது. அக்கருத்தைக் கேட்டவர் யார்? சீட்டாடி நொந்த ஏழையா? இல்லை! தம் லாட்டரிச் சீட்டை இணையத்தில் விற்க விரும்பிய நியூயார்க், இல்லினாய் மாநிலங்கள்! கேட்டது கருவூலம், கிடைத்தது அனுமதி.

மடை திறந்தது. 2013 ஏப்ரலில் நெவாடாவில் உரிமம் பெற்ற போக்கர் தொடங்கிற்று. ஆண்டு முடியுமுன் டெலவேரும் நியூ ஜெர்சியும் தொடர்ந்தன. நியூ ஜெர்சியில் உரிமம் அட்லாண்டிக் சிட்டிச் சூதாட்ட மாளிகைகளுக்கு மட்டுமே. அன்று வருவாயில் 15 விழுக்காடு அரசுக்கு வரியாக இருந்தது. நேற்றுவரை குற்றமாயிருந்தது, வரி கட்டியதும் தொழிலாயிற்று! சீட்டு அதே சீட்டு. திரை அதே திரை. தோற்பவனும் அதே தோழன்.

விலக்குப் பெற்ற கற்பனை அணி ஆட்டம் என்னாயிற்று? 2009இல் ஃபேன்டூயலும் 2012இல் டிராஃப்ட்கிங்சும் அந்த ஓட்டை வழியே முளைத்தன. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கூடாது என்ற 1992ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாதென்றது. அந்த இரு நிறுவனங்களும் உடனே பந்தயப் பெருவணிகராயின. ஃபேன்டூயலை வாங்கிய அயர்லாந்து நிறுவனம் பின்னர் 'ஃபிளட்டர்' எனப் பெயர் பூண்டது. 2020இல் அது போக்கர்ஸ்டார்சையும் தன்வயமாக்கிற்று. சட்டம் விலக்களித்த பிள்ளையும் சட்டம் விரட்டிய பிள்ளையும் ஒரே வீட்டில், ஒரே தாழ்வாரத்தில்!

இது புதுமையன்று. 1868இல் லூசியானா மாநிலம், ஒரு நிறுவனத்துக்கு லாட்டரி ஏகபோகம் தந்தது. கைம்மாறு, நியூ ஆர்லியன்ஸ் தரும மருத்துவமனைக்கு ஆண்டுக்கு 40,000 டாலர். நாடெங்கும் அஞ்சலில் சீட்டு விற்றுச் செல்வம் குவித்தனர். 1890இல் லாட்டரிக்கு அஞ்சல்வழி அடைபட்டது. உரிமம் 1893இல் முடிந்தது. நிறுவனம் ஹோண்டுராசுக்குக் கப்பலேறிற்று! எழுபது ஆண்டு கழித்து, 1964இல், நியூ ஹாம்ப்ஷயர் மாநில அரசே லாட்டரிச் சீட்டை அச்சிட்டு விற்றது. தனியார் செய்தால் தீது, அரசு செய்தால் திட்டம்! 2018இல் நீதித்துறை தன் பழைய கருத்துரையை மாற்றிக்கொண்டபோது, எதிர்த்து வழக்காடி 2021இல் மேல்முறையீட்டு மன்றத்தில் வென்றதும் அந்த நியூ ஹாம்ப்ஷயரின் லாட்டரி ஆணையமே.

கடல் கடந்த கதை நமக்கேன் என்பீர்களா, தோழர்களே? சூதுக்குக் கடல் ஏது! நம் மாநில அரசும் 1968இல் லாட்டரி தொடங்கிற்று. 2003இல் எல்லா லாட்டரிக்கும் இங்கே தடை வந்தது. 1996இல் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையின்பாற்பட்டது என்றது. இணையச் சூதில் பொருளிழந்தோர் உயிரையும் இழந்த செய்திகள் குவிந்தபோது, தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் தடைச் சட்டம் இயற்றிற்று. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023இல் மீண்டும் நிறைவேற்றிற்று. அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றது. ஆயினும் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனக் கூறி, அவற்றைத் தடையினின்று விடுவித்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, திறமையோ வாய்ப்போ, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டத்தையும் விலக்கும் சட்டத்தை இயற்றிற்று. விளம்பரத்துக்கும் தடை, வங்கிவழிக்கும் தடை. அமெரிக்கா 2006இல் கையாண்ட அதே வங்கிப் பூட்டு!

தடை தவறென நாம் சொல்லவில்லை. குடி கெடுக்கும் சூதை அரசு தடுப்பது கடமை. அமெரிக்காவின் அடி இல்லையேல் ஃபுல் டில்ட்டின் வெற்றுப் பெட்டி இன்னும் பல்லாண்டு நிறைபெட்டியாய் நடித்திருக்கும். ஆனால் தடைச் சட்டம் என்று கேட்டவுடன் கைதட்டிக் கலைந்துவிடுவது பகுத்தறிவாளன் பழக்கமாகாது. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இச்சட்டம் யாருக்கு விலக்கு அளிக்கிறது? ஏமாந்தவன் பணம் எப்போது திரும்பும்? இன்று மூடும் கதவுக்கு நாளை உரிமம் விற்கப் போவது யார்? விலக்குப் பட்டியலைப் படித்தவன், இருபது ஆண்டு வரலாற்றை முன்கூட்டியே படித்தவனாவான்.

இன்னொரு பூட்டு உண்டு. அதை அரசு போட முடியாது. நாமேதான் போட வேண்டும். தருமன் நாட்டை வைத்து ஆடினான், துணைவியை வைத்து ஆடினான்; புராணிகர் அதற்கு 'விதி' எனப் பெயர் சூட்டினர். வள்ளுவரோ விதியைத் துணைக்கழைக்காமல், சூதின் கேட்டை விளக்க ஓர் அதிகாரமே ஒதுக்கினார். 1654இல் பாஸ்கல், ஃபெர்மா என்ற பிரெஞ்சு அறிஞர் இருவர், பாதியில் நின்ற சூதாட்டத்தில் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு விடை தேடி மடல் எழுதிக்கொண்டனர். அதிர்ஷ்ட தேவதையின் முகமூடி கழன்றது. நிகழ்தகவு என்னும் கணிதம் பிறந்தது.

அந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்போம். சுற்றுக்கு ஐம்பது வீதம் ஆயிரமும் எங்கே போயிற்று என்று கூட்டிப் பார்க்கச் சொல்வோம். கூட்டிப் பார்த்த இளைஞன் மேசையில் அமர மாட்டான். மேசைக்கு உரிமம் தரும் கையையும் உற்றுப் பார்ப்பான். தடைக்குப் பிறகு கிட்டும் வாய்ப்பு முதலாளிக்கும் கருவூலத்துக்கும் மட்டுமே உரியதா? தெளிவு பெற மக்களுக்கும் அது வாய்ப்பாகட்டும்!