அடிக்கு 7 ரூபாய்

என் அப்பா சென்ட்ரிங் மேஸ்திரி. 1991-இல் மேற்கு மாம்பலத்தில் மூன்று மாடி ஃபிளாட் ஒன்றுக்குப் பலகை அடித்தார். அடிக்கு 7 ரூபாய், ஷீட்டும் முட்டும் அவருடையது, ஆளும் அவருடையது. இதைப் பேசி முடித்தது செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, ஒரு டீ குடிக்கிற நேரத்தில். தாளில் ஒரு வரிகூட எழுதவில்லை.

கடைசித் தளம் கான்கிரீட் ஆனதும் கணக்குக்கு உட்கார்ந்தார்கள். பில்டர் ஒரு தளத்துக்கு 1,800 சதுர அடி என்று போட்டு, மூன்றுக்கும் 5,400 என்று கூட்டினார். அப்பா தன் சிட்டையை நீட்டினார். ஒரு தளத்தில் பீம் மட்டும் 240 அடி நீளம். தளத்துக்குக் கீழே ஒரு அடி இறக்கம், அதற்கு இரண்டு பக்கமும் பலகை, ஆக 480. சன்ஷேடு 120. தளத்துக்கு 600 வீதம் மூன்றுக்கும் 1,800. பில்டர் கணக்கில் மூன்று தளம். அப்பா கணக்கில் நான்கு தளத்து வேலை. வித்தியாசம் 12,600 ரூபாய்.

"பீம் சைடெல்லாம் தளத்துலயே அடக்கம் மேஸ்திரி."

"அடக்கம்னா எப்படி சார்? அந்தப் பலகைய காத்துலயா அடிச்சேன்?"

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளி லீவில் அப்பாவோடு போய், பிரித்த ரீப்பரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வரியும் இன்றும் காதில் இருக்கின்றன. பிறகு சிவில் டிப்ளமோ படித்து, பில்லிங் வேலைக்கு வந்து, பல நூறு துணை ஒப்பந்தக்காரர்களின் பில்லைச் சரிபார்த்திருக்கிறேன். பாதிக்கு மேற்பட்ட தகராறு இதே கேள்வியில்தான் வந்து நிற்கிறது: அடிக்கு 7 ரூபாய் என்றால் எந்த அடி?

என் தாத்தா காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அவர் கொத்தனார், மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்தவர். மர விட்டங்களை நெருக்கமாக வைத்து, மெல்லிய சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக்கொண்டே போவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கட்டையால் நாள்கணக்காக அடிப்பார்கள். அந்தக் கூரைக்கு அடியில் பலகை வேண்டாம், முட்டு வேண்டாம். கம்பியும் சிமென்ட்டும் பரவிய பிறகுதான், கெட்டியாகும்வரை கான்கிரீட்டைத் தாங்கிப் பிடிக்க ஒரு தற்காலிகக் கட்டடம் தேவைப்பட்டது. 1959-இல் அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டபோது சென்னையே அண்ணாந்து பார்த்தது. அப்படிப்பட்ட கட்டடம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் பலகையில் ஒரு கட்டடம் எழும்பி, பிரிக்கப்பட்டு, லாரி ஏறிப் போயிருக்கும். அதைக் கட்டியவர்கள்தாம் சென்ட்ரிங் ஆட்கள். மற்ற வேலை கண்ணுக்குத் தெரிந்து நிற்கும். இவர்கள் வேலை முடிந்தது என்றாலே, இருந்த இடம் தெரியாமல் போனது என்று பொருள். பிறகு எதைக் காட்டி அளப்பது?

அளந்ததை எழுதிவைக்கும் வழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல. நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டிவைத்தவர்கள் நாம். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம். பொதுப்பணித் துறை வந்த பிறகு அந்தச் சுவரின் இடத்துக்கு எம்-புக் என்ற அளவுப் புத்தகம் வந்தது. நான் மதிக்கிற புத்தகம் அது. பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கும்; ஒரு தாளைக் கிழிக்க முடியாது. எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பென்றால் ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். நீளம், அகலம், உயரம், எண்ணிக்கை, நான்கும் தனித்தனிப் பத்தியில். கீழே ஒப்பந்தக்காரர் அளவை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவார். மேலதிகாரி வந்து மறுபடி அளந்து பார்ப்பார்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் கையெழுத்திட்டவர் பெரிய ஒப்பந்தக்காரர் மட்டுமே. 1888-இல் தொடங்கி 1892-இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியாரின் பெயர் நமக்குத் தெரியும். தெரிய வேண்டிய பெயர்தான். அந்தக் குவிமாடங்களுக்குச் சாரம் கட்டிய மேஸ்திரிகள் யார், அவர்களுக்கு எந்த அளவில் கூலி கணக்கானது என்பதற்கு அரசாங்கப் புத்தகத்தில் இடமே கிடையாது. அரசு செட்டியாரை அளந்தது. செட்டியாருக்குக் கீழே இருந்தவர்களின் கணக்கு வாய்ப்பேச்சோடு போனது. இந்தப் பிளவுதான் இன்றைக்கும் நம் சைட்டில் இருக்கிறது. சட்டத்திலும் அப்படியே. துணை ஒப்பந்தக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லாததால், பாக்கி என்றால் அவர் பில்டரைத்தான் கேட்க முடியும்.

மேற்கு மாம்பலத்தில் அப்பா இரண்டு வாரம் விடாமல் கேட்டார். அவர் கையை முறுக்கியது அவருடைய சரக்கேதான். அவரிடமிருந்த ஷீட், சவுக்கு முட்டு அத்தனையும் அந்தக் கடைசித் தளத்துக்கு அடியில் நின்றன. தாங்கல்களுக்கு இடையே நாலரை மீட்டருக்கு மேல் உள்ள தளத்துக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்பது தர விதி. அதுவரை சென்ட்ரிங்காரரின் மொத்த முதலும் இன்னொருவர் கேட்டுக்குள் இருக்கும். பதினைந்தாம் நாள் பிரிக்கப் போனபோது கேட் பூட்டியிருந்தது. "கணக்கு முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு ஷீட்டை ஏத்திக்க" என்றார் பில்டர். வேளச்சேரியில் அடுத்த வேலை காத்திருந்தது. இருபத்துமூன்றாம் நாள் 5,400 அடிக்கு அப்பா கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமைச் சம்பளத்துக்குச் சவுக்கு முட்டில் பாதியை விற்றார். அதன்பிறகு கடைசிவரை வாடகை முட்டில்தான் தொழில் செய்தார்.

அந்தக் கேட்டைப் பூட்டிய செயலுக்கு நம் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு வற்புறுத்தல் என்றால் என்ன என்று சொல்கிறது. ஒருவரை ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வைப்பதற்காக அவருக்குப் பாதகமாகப் பொருளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைப்பதும், பிடித்து வைப்பேன் என்று மிரட்டுவதும் அதில் அடக்கம். அப்படி வாங்கிய சம்மதத்தை, கொடுத்தவர் ரத்து செய்துகொள்ளலாம் என்கிறது 19-ஆம் பிரிவு. அப்பாவின் ஷீட்டுகளை மனதில் வைத்தே யாரோ எழுதியதுபோல இருந்தது எனக்கு.

அதே சட்டத்தின் 70-ஆம் பிரிவு இன்னும் ஆழமானது. இனாமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்து கொடுத்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், ஈடு கொடுக்க வேண்டும். 1944-இல், பஞ்சத்துக்கு அடுத்த வருடம், வங்காளத்தில் பி.கே. மண்டல் அண்டு சன்ஸ் என்ற ஒப்பந்தக்காரர்கள் சிவில் சப்ளைஸ் துறைக்காக ஆராம்பாக்கில் மண் சாலையும் காவலர் அறையும் சமையலறையும், கானாகுலில் கிடங்குக் கொட்டகையும் கட்டினார்கள். அதிகாரிகள் கேட்டுத்தான் கட்டினார்கள். 19,325 ரூபாய் சொச்சம் பாக்கி. முறைப்படியான ஒப்பந்தப் பத்திரம் இல்லை, ஆகவே ஒப்பந்தமே செல்லாது என்றது அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1961 டிசம்பரில் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, ஒப்பந்தம் செல்லாவிட்டாலும் கொட்டகையை ஏற்றுப் பயன்படுத்திக்கொண்டதால் 70-ஆம் பிரிவின்படி ஈடு கொடுத்தாக வேண்டும் என்றது. கொட்டகை கட்டி 17 வருடம் கழித்து. பதினேழு வருடம் தாக்குப்பிடிக்க அந்த நிறுவனத்துக்குத் தெம்பு இருந்தது. சனிக்கிழமை ஆறு மணிக்குப் பன்னிரண்டு ஆட்கள் எதிரில் வந்து நிற்கிறவரால் எத்தனை வாய்தா தாங்க முடியும்?

1996-இல் பாலிடெக்னிக் நூலகத்தில் ஐ.எஸ். 1200 என்ற தரநூலைத் திறந்தேன். கட்டட வேலையை எப்படி அளப்பது என்பதை வேலை வேலையாகச் சொல்வது அது. பூச்சு வேலையில் ஜன்னலை எப்போது கழிப்பது, எப்போது கழிக்கக் கூடாது என்பதுவரை அதில் உண்டு: அரை சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்பைக் கழிக்கவே கூடாது. ஐந்தாம் பகுதி சென்ட்ரிங். கான்கிரீட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் பலகையின் பரப்பையே அளக்க வேண்டும் என்று இருந்தது. தளத்தின் அடி, பீமின் பக்கம், சன்ஷேடு, கான்கிரீட் தொட்ட இடமெல்லாம். அந்தப் பக்கத்தின் மேல் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தனியார் வேலையில் இந்த முறை தானாக வந்து கட்டிப்போடாது. தள அளவுக்கே கூலி என்று முன்கூட்டிப் பேசினால் அதுவும் நியாயம்தான். ஆனால் அப்பா கேட்டது பேராசை இல்லை. அரசாங்க வேலையாக இருந்திருந்தால் கேட்காமலே எழுதியிருப்பார்கள்.

இப்போது என் சைட்டில் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலை, பலகை கண்ணுக்குத் தெரியும்போதே, மேஸ்திரியும் நானும் டேப்பின் இரு முனையைப் பிடித்து அளக்கிறோம். பீம் சைடு தனி வரி. இப்போதைய மேஸ்திரி ஒடிசாக்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. எண்களை உரக்கச் சொல்லி, அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே கையெழுத்து வாங்குகிறேன்.

ஐ.எஸ். 1200-இன் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, நூலகத்தில் பார்த்த அன்று இரவே அப்பாவிடம் காட்டினேன். படித்துத் தமிழில் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"இந்தப் புத்தகம் எப்ப வந்ததுப்பா?"

"இது 82-ல வந்த பதிப்பு. முத முத வந்தது 58."

"நான் பலகை தூக்க வந்தது 64" என்றார். நகலை நான்காக மடித்துச் சிட்டைக்குள் வைத்துக்கொண்டார்.