தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள்

ஜொகூர் பாருவில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஐந்தாவதாக ஒரு பாம்பு இருந்தது. பால் பைத்தன். மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை. பயந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். அதை வளர்த்தவன் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு வருட ஜூனியர். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே நின்று சொன்னான்: "அண்ணே, மூனு நாளா தண்ணிக் கிண்ணத்த விட்டு வெளிய வரமாட்டேங்குது. வெயிலு ஜாஸ்தி, அதான் போல."

காரணம் வெயில் இல்லை. பாம்பைத் தூக்கியதும் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தெரிந்தன. அவன் கையிலும் சில ஏறியிருந்தன. அவை நகர்ந்தன.

அன்றிரவு நாங்கள் என்ன செய்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் செய்வதற்கு முன்னால் படித்திருக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. நான் பிறகுதான் படித்தேன்.

பாம்பு வளர்ப்பவர்கள் அந்தப் புள்ளியை 'மைட்' என்கிறார்கள். தமிழில் உண்ணி என்றால் நமக்கு நாயின் காதில் தொங்கும் கொழுத்த உண்ணிதான் ஞாபகத்துக்கு வரும். இது அதன் தூரத்துச் சொந்தம். இரத்தம் குடித்து வீங்கிய பெண்கூட ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சிற்றுண்ணி என்று வைத்துக்கொள்வோம். செதிலுக்கு அடியில், கண்ணைச் சுற்றிய இடுக்கில், தாடைக்குக் கீழுள்ள மடிப்பில் இது ஒளிந்துகொள்ளும். தொல்லை தாங்காமல் பாம்பு தண்ணீரில் போய்க் கிடக்கும்.

1844இல் இதை முதலில் விவரித்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் போல் ஜெர்வே. இன்று இதன் அறிவியல் பெயர் ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ். 'நாட்ரிசிஸ்' என்பது ஐரோப்பிய நீர்ப்பாம்புப் பேரினத்தின் பெயரிலிருந்து வந்தது. பெயர் ஐரோப்பாவில் கிடைத்தாலும் இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்றே பரவலாகக் கருதப்படுகிறது. இன்று பாம்பு வளர்க்கப்படும் நாடுகளில் எல்லாம் இது உண்டு. பிடித்து விற்கப்பட்ட பாம்புகளின் உடம்பிலும், அவை அடைக்கப்பட்ட சாக்கிலும் பெட்டியிலும்தான் இது கடல் கடந்தது.

ஜெர்வே பெயர் வைத்த ஐந்தே வருடத்தில், 1849இல், லண்டன் விலங்குக் காட்சிசாலை ஊர்வனவற்றுக்கென்று தனிக் கட்டடம் திறந்தது. பொதுமக்கள் பார்வைக்கு அப்படித் திறக்கப்பட்ட முதல் கட்டடம் அதுதான். கண்ணாடிக் கூண்டுகள், செயற்கை வெப்பம், பக்கத்துப் பக்கத்தில் பல நாட்டுப் பாம்புகள். உலகத்தின் மற்ற நகரங்களும் பின்னால் அதையே செய்தன. பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. காட்டில் ஒரு பாம்பு நேற்றுப் படுத்த பொந்தில் இன்று படுக்கும் என்று சொல்ல முடியாது. சிற்றுண்ணி முட்டையிட்டுவிட்டுக் காத்திருந்தாலும், குஞ்சு பொரிக்கும்போது பாம்பு அங்கே இருக்காது. கூண்டில் பாம்பு எங்கும் போகாது. வெப்பம், ஈரம், இருட்டான இடுக்கு, நகர முடியாத உணவு என்று நான்கையும் ஒரே பெட்டிக்குள் கொடுத்தால் எந்த உயிரும் பெருகத்தான் செய்யும். காட்டில் சின்ன ஒட்டுண்ணியாக இருந்ததைக் கொள்ளைநோயாக்கியது அந்தப் பெட்டியின் வடிவமைப்பு.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு ஆனது. அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் கேமின் 1948இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாம்புகளுக்கு இரத்தத்தில் நஞ்சேற்றிக் கொல்லும் ஒரு பாக்டீரியா நோயை இந்தச் சிற்றுண்ணி பரப்புகிறது என்று அதில் காட்டினார். 1953இல் சிகாகோ அறிவியல் கழகத்தின் வெளியீடாக இதன் வாழ்க்கையை முழுதாக எழுதினார். முட்டை, அதன் பிறகு நான்கு பருவங்கள். அந்த நான்கில் இரண்டுதான் இரத்தம் குடிக்கும். குடித்ததும் பாம்பைவிட்டு இறங்கிவிடும். தோலுரிப்பதும் முட்டையிடுவதும் பெட்டியின் விளிம்பில், மரத்துண்டின் பிளவில், மூடியின் இடுக்கில். ஒரு பெண் வாழ்நாளில் 60 முதல் 80 முட்டைகள்வரை இடும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிவரை இரண்டு வாரம், அதிகம் போனால் மூன்று வாரம். இரத்தம் குடிக்காத இளசுகள் ஒரு மாதம்வரைகூடப் பசியோடு காத்திருக்கும்.

அதாவது நாம் பாம்பின் மேல் பார்ப்பது ஒரு பகுதியைத்தான். மிச்சம் வீட்டில் இருக்கிறது.

இதே கேமின் பிற்பாடு கற்பனை விலங்குகளை வரைந்தார். உயிர்களை எப்படி வகைப்படுத்துவது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தரும் படங்கள் அவை. 'கேமினல்கியூல்ஸ்' என்ற பெயரில் இன்னும் வகுப்பறைகளில் இருக்கின்றன. சிற்றுண்ணிக்கு அவர் செய்ததை அந்த அளவுக்கு யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டைப் பார் என்று கேமின் சொல்லியும், அடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் விஷத்தைத்தான் தேடினார்கள். அந்த விஷங்களின் வரிசை விசித்திரமானது. எதுவுமே பாம்புக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது இல்லை.

1960ஆம் ஆண்டுவாக்கில் பாரி டார்ஷிஸ் என்ற பூச்சியியலாளர் மிக நுண்ணிய சிலிக்காத் தூளைப் பரிந்துரைத்தார். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே ஒரு சின்னப் பொட்டலம், அந்தக் குடும்பம்தான். தூள் சிற்றுண்ணியின் மேலிருக்கும் மெழுகுப் படலத்தை உறிஞ்சிவிடும். அது காய்ந்து சாகும். நரம்பைத் தாக்கும் விஷம் இல்லை. ஆனால் தூள் பாம்பையும் உலர்த்தும், மூச்சிலும் ஏறும்.

அடுத்தது டைகுளோர்வோஸ் தோய்த்த பட்டை. வீட்டில் ஈயைக் கொல்லத் தொங்கவிடும் சரக்கு. கரிமப் பாஸ்பரஸ் குடும்பம். இந்தக் குடும்பத்தில் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்த ஜெர்மன் வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர்தான் 1936இல் டாபுன் என்ற நரம்பு நச்சில் போய் முட்டினார். பட்டையின் வீரியம் குறைவுதான். ஆனால் வேலை செய்யும் முறை ஒன்றே. நரம்புக்கும் தசைக்கும் நடுவே போகும் செய்தியை நிறுத்தவிடாமல் செய்வது. சிற்றுண்ணிக்கு நரம்பு இருக்கிறது. பாம்புக்கும் இருக்கிறது.

பிறகு ஐவர்மெக்டின். கோவிட் காலத்தில் வாட்சாப்பில் அடிபட்ட அதே பெயர். ஜப்பானின் ஷிசுவோக்கா மாநிலத்தில், ஒரு கோல்ஃப் திடலுக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிரியைச் சத்தோஷி ஓமுரா பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் வில்லியம் கேம்பலின் குழு அதிலிருந்து மருந்தை உருவாக்கியது. 1981இல் கால்நடைகளுக்காகச் சந்தைக்கு வந்தது. 2015இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஆடுமாடுகளுக்கு வந்த மருந்து பாம்புக்கும் உதவியது. அப்படியென்றால் ஆமைக்கும் கொடுக்கலாமே? 1983இல் வெளிவந்த ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. ஆமைகளுக்கு அது நஞ்சு. முடங்கிப்போயின, செத்தன. எல்லாம் ஊர்வனதானே என்று ஒரே அளவுகோலை வைப்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதே நேரத்தில் பைரித்ராய்டுகளும் வந்துவிட்டன. செவ்வந்தி இனப் பூ ஒன்றிலிருக்கும் இயற்கை நஞ்சைப் பார்த்து ஆய்வகத்தில் செய்த பொருள்கள். 1973இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் மைக்கல் எலியட் குழு உருவாக்கிய பெர்மெத்ரின் அவற்றில் ஒன்று. இன்று பாம்பு வளர்ப்பவர்களுக்கென்றே விற்கும் சில தெளிப்புகளில் இருப்பதும் இதுதான். ஆனால் அதைத் தெளிக்கும் முறையைக் கவனியுங்கள். பாம்பை வெளியே எடுத்துவிட்டு, காலிப் பெட்டியில் தெளித்து, முழுக்கக் காயவிட்டு, ஆவி போன பிறகே பாம்பைத் திரும்ப வைக்க வேண்டும். கேமின் 1953இல் சொன்ன இடத்துக்கே சுற்றி வந்திருக்கிறோம்.

இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. பசுமைக்குடில்களில் செடிவேரைக் கெடுக்கும் பூச்சிகளைப் பிடிக்க விடப்படும் வேட்டைச் சிற்றுண்ணிகளைப் பாம்புப் பெட்டியிலும் விடுகிறார்கள். அவை பாம்பைக் கடிக்காது, இடுக்குகளில் திரிந்து மற்றதைத் தின்னும். இதுவும் தோட்டத்திலிருந்து இரவல் வாங்கியதுதான்.

இந்த வரிசையிலேயே பழையது, விஷமே இல்லாதது ஒன்று உண்டு. தனிமைப்படுத்தல். 1377இல் இன்றைய டுப்ரோவ்னிக் நகரம் கொள்ளைநோய்க்குப் பயந்து, வருகிறவர்களை 30 நாள் வெளியே நிறுத்தியது. பிறகு வெனிஸில் அது 40 ஆனது. நமக்கும் இந்தக் கதை தெரியும். பினாங்கில் வந்திறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் பலர் முதலில் பார்த்த மலாயா, பூலாவ் ஜெரஜாக் தீவின் தனிமை முகாம்தான். மனிதர்களை அப்படி அடைத்துவைத்ததில் அவமானமும் இருந்தது. பெட்டியில் வாழும் பாம்புக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை. புதிதாக வாங்கிய பாம்பைக் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் தனி அறையில் வைத்திருந்தாலே இந்தப் பிரச்சினையின் பெரும்பகுதி வாசலோடு நின்றுவிடும். அதை மீறி வந்துவிட்டால் பெட்டியிலுள்ள மரத்தையும் மண்ணையும் தூக்கிப்போட வேண்டும். வெந்நீரில் கழுவி வெறும் நாளிதழ் விரிக்க வேண்டும். பாம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் விட வேண்டும். இதையே வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மருந்தையும் அளவையும் ஊர்வன தெரிந்த கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பொறுமைதான் செலவு.

எங்களிடம் அன்றைக்குப் பொறுமை இல்லை. சமையலறையில் கரப்பானுக்கு அடிக்கும் டின் இருந்தது. "கொஞ்சமா அடிப்போம் அண்ணே, உள்ள இருக்கறது எல்லாம் செத்துரும்" என்றான். நான் தலையாட்டினேன். நான்தான் மூத்தவன், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பெட்டிக்குள்ளும் பாம்பின் மேலும் அடித்துவிட்டு மூடியைச் சாத்தினோம். மூடினால் மருந்து நன்றாகப் பிடிக்கும் என்று சொன்னதும் நான்தான்.

விடியற்காலை பாம்பு மல்லாந்து கிடந்தது. புரட்டிவிட்டால் மறுபடி மல்லாந்தது. தலை மட்டும் மேல்நோக்கி வளைந்து நடுங்கியது. மதியத்துக்குள் போய்விட்டது. அவன் எதுவும் பேசவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த வாழை மரத்தடியில் புதைத்தோம்.

பெட்டியை யாரும் தொடவில்லை. ஒரு வாரம் கழித்துக் கழுவி யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மூடியைக் கழற்றினேன். விளிம்பில், பிளாஸ்டிக் மடிந்திருக்கும் இடுக்கில், மிளகுத்தூள் நகர்ந்துகொண்டிருந்தது.