கட்டளைத் தேடுபாதை

கட்டளைத் தேடுபாதை என்பது, பயனர் தட்டச்சிடும் கட்டளைப் பெயருக்குரிய நிரலை எந்தெந்தக் கோப்புறைகளில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதைக் கணினிக்குத் தெரிவிக்கும் பட்டியலாகும். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களிலும் விண்டோஸிலும் இப்பட்டியல் ‘பாத்’ என்னும் சூழல் மாறியில், அதாவது ஒரு நிரல் தொடங்கும்போதே அதனிடம் கையளிக்கப்படும் பெயர்-மதிப்பு இணைகளுள் ஒன்றில், நீண்ட ஒற்றை வரியாக வைக்கப்படுகிறது. கோப்புறைகளுக்கிடையே யுனிக்ஸ் வகையில் முக்காற்புள்ளியும் விண்டோஸில் அரைப்புள்ளியும் இடப்படும். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில், ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லுடன் இம்முறை வேரூன்றியது. ஷெல் என்பது கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் இடைநிலை நிரல்.

ஷெல் இப்பட்டியலை இடமிருந்து வலமாகப் பார்த்துச் செல்லும். பெயர் பொருந்துகின்ற, இயக்குவதற்கு அனுமதியுள்ள முதல் கோப்பைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடும். கோப்பின் பதிப்பு எண்ணை அது பார்ப்பதே இல்லை. ஆகவே, புதிய பதிப்பை நிறுவிய பின்னும் பழையதே இயங்குகிறது என்னும் பரவலான முறையீட்டுக்குக் காரணம் பெரும்பாலும் நிறுவலில் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது. புதிய கோப்புறையைப் பட்டியலின் இறுதியில் சேர்த்தால், அதே பெயருடைய பழைய நிரலே முந்திக்கொள்ளும். முதலில் சேர்த்தால் புதியது இயங்கும். கட்டளையைச் சாய்கோட்டுடன், முழு முகவரியாகத் தட்டச்சிட்டால் தேடலே நடைபெறாது.

பழைய பதிப்பை நீக்கிவிடுவது எளிய தீர்வாகத் தோன்றினும் அது ஆபத்தானது. சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸில் மென்பொருள்களை நிறுவும் ‘யம்’ என்னும் கருவி பைத்தான் 2ஐ நம்பி எழுதப்பட்டிருந்தது. ‘பைத்தான்’ என்னும் பெயர் பைத்தான் 3ஐச் சுட்டும்படி கணினியின் கோப்பையே மாற்றியவர்கள், அடுத்த மென்பொருளை நிறுவ முயன்றபோது யம் பிழைச்செய்தியுடன் நின்றுபோவதைக் கண்டனர். இயங்குதளத்துக்குரிய பதிப்பை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பயனரின் தேடுபாதையை மட்டும் மாற்றுவதே முறை. பைத்தானின் ‘மெய்நிகர் சூழல்’ வசதியும் இவ்வாறே இயங்குகிறது: அதைச் செயல்படுத்தும் கட்டளை, செயல்திட்டத்தின் தனிக் கோப்புறையைப் பட்டியலின் தலையில் இடுகிறது, சூழலை விட்டு வெளியேறும்போது பழைய பட்டியல் மீட்கப்படுகிறது. பல பயனர்கள் ஒரே மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்கும் மீக்கணினி மையங்களில், 1990களின் தொடக்கத்திலிருந்து வழங்கிவரும் ‘மாட்யூல்ஸ்’ என்னும் ஏற்பாடு இதே வேலையைச் செய்கிறது.

முனையத்தில் செய்யப்படும் மாற்றம் அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து பிறக்கும் நிரல்களுக்கும் மட்டுமே செல்லும். தாய் நிரலுக்கு அது ஏறிச் செல்லாது. மாற்றம் நிலைக்க வேண்டுமானால், ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைவுக் கோப்பில் அதை எழுத வேண்டும். பட்டியல் சரியாக இருந்தும் பழைய நிரலே இயங்கினால் ஷெல்லின் நினைவை ஐயுறலாம். பாஷ் ஷெல் ஒருமுறை கண்டுபிடித்த நிரலின் இடத்தைக் குறித்துவைத்துக்கொள்வதால், பின்னர் முன்வரிசைக் கோப்புறையில் அதே பெயருடைய நிரல் வந்தாலும் பழைய இடத்துக்கே போகும். ‘ஹாஷ்’ கட்டளையை ‘-ஆர்’ குறியுடன் கொடுத்தால் அக்குறிப்பு அழியும். எந்தக் கோப்பு இயங்குகிறது என அறிய, பலரும் கையாளும் ‘விச்’ கட்டளையைவிட ‘டைப்’ நம்பத்தக்கது. மாற்றுப்பெயர்களையும் ஷெல்லுக்குள்ளேயே அமைந்த கட்டளைகளையும் அது காட்டிவிடும்.

விண்டோஸில் கணினி முழுமைக்குமான பட்டியல் முன்னும் பயனருக்குரியது பின்னுமாக இணைக்கப்படுவதால், பயனர் தம் பட்டியலில் எதை முதலில் வைத்தாலும் கணினிப் பட்டியலை முந்த இயலாது.

நடப்புக் கோப்புறையைக் குறிக்கும் புள்ளியைப் பட்டியலில் சேர்ப்பது தவிர்க்கத்தக்கது. பலரும் எழுதக்கூடிய பொதுக் கோப்புறையில் ஒருவர் வழக்கமான கட்டளையின் பெயரில் தீய நிரலை இட்டுவைத்தால், அங்கு பணிபுரிபவர் அறியாமலே அதை இயக்கிவிடக்கூடும். முக்காற்புள்ளிகள் இரண்டு அடுத்தடுத்து வந்தாலும் யுனிக்ஸ் வகை ஷெல்கள் அவ்விடைவெளியை நடப்புக் கோப்புறையாகவே கொள்ளும். குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக இயக்கும் ‘கிரான்’ பயனரின் அமைவுக் கோப்புகளைப் படிப்பதில்லை. மிகச் சுருங்கிய பட்டியலையே அது பயன்படுத்துவதால், அத்தகைய பணிகளில் நிரலின் முழு முகவரியை எழுதிவிடுவதே பாதுகாப்பானது.