வில்லேஜ் ஹோம்ஸ்: மழைநீர் வகுத்த குடியிருப்பு

இயற்கையோடு இயைந்த குடியிருப்புகளின் வரலாற்றை எழுதுவோர், எபனேசர் ஹோவார்டு 1898இல் முன்வைத்த தோட்ட நகரக் கோட்பாட்டில் தொடங்கி, அமெரிக்காவின் ராட்பர்ன் (1929) வழியே அண்மைக் காலத்திற்கு வருவது வழக்கம். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது, கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1975இல் கட்டத் தொடங்கப்பெற்ற வில்லேஜ் ஹோம்ஸ். மைக்கேல் கார்பெட், ஜூடி கார்பெட் இணையர் இதனை உருவாக்கினர். பரப்பு ஏறத்தாழ 60 முதல் 70 ஏக்கர். வீடுகள் சற்றேறக்குறைய 240.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எழுந்தமையால் இதனைக் கதிரொளிக் குடியிருப்பு என்றே பலரும் அறிமுகம் செய்வர். அது பிழையன்று. தெருக்கள் கிழக்கு மேற்காக ஓடுவதால் வீடுகள் தென்திசை வெயிலைக் குளிர்காலத்தில் பெறுகின்றன. ஆயினும் இக்குடியிருப்பின் அமைப்பைக் கதிரொளியினும் தெளிவாக விளக்க வல்லது மழைநீரே என்பது இக்கட்டுரையின் துணிபு.

டேவிஸில் கோடை நீண்டது, வறண்டது. மழை பெரிதும் குளிர்காலத்தது. அந்நீரை நிலத்தடிக் குழாய்களில் இறக்கி வெளியேற்றுவதே அக்கால நகரப் பொறியியலின் நடைமுறை. கார்பெட் இணையரோ ஆழங்குறைந்த புல்வாய்க்கால்களை நிலத்தின் மேலேயே வகுத்தனர். சிறு தடுப்புகள் நீரின் விரைவைக் குறைக்க, பெரும்பகுதி மண்ணுள் ஊறுகிறது. எஞ்சியதே நகர வடிகாலைச் சேர்கிறது. வாய்க்கால் ஓடும் நிலம் எவருடைய தனியுடைமையுமன்று. எட்டு வீடுகள் அளவிலான சிறு தொகுதிகள் அப்பொதுநிலத்தை நோக்கி அமைந்தன. ஆங்கே நடைபாதைகளும் மிதிவண்டிப் பாதைகளும் பழமரங்களும் இடம்பெற்றன. தெருக்களோ வழக்கத்தினும் குறுகி, முட்டுச்சந்துகளாய் முடிந்தன. நீருக்கு விட்ட வழியே மக்கள் கூடும் வெளியாயிற்று எனலாம்.

இத்திட்டம் எளிதில் ஒப்புதல் பெறவில்லை. கடன் கேட்டபோது வங்கிகள் பல மறுத்தன. திறந்த வாய்க்கால் பெருமழையைத் தாங்காது என நகரப் பொறியாளர்கள் ஐயுற்றனர். அமைப்பு தோற்குமாயின் குழாய் பதிக்கும் செலவை ஈடுசெய்யப் பிணைத்தொகை கட்டிய பின்னரே இசைவு கிடைத்தது. பின்வந்த பெருமழைகளை வாய்க்கால்கள் தாங்கின. குழாய் பதிக்காததால் மிஞ்சிய பணம் பொதுநிலத்தை வளப்படுத்தப் பயன்பட்டது. பொறியாளர்களின் ஐயத்தை அறியாமை என ஒதுக்குதல் நேர்மையாகாது. வெள்ளம் புகுந்தால் பழி அவர்களையே சாரும்.

மற்றொரு முரணும் நோக்கத்தக்கது. நடுத்தர வருவாயினரையும் கருதியே இது திட்டமிடப்பட்டது. ஆனால் பொதுநிலத்தின் சிறப்பே வீட்டுவிலையை அண்டைக் குடியிருப்புகளினும் உயர்த்திற்று. வேலியிடாத நிலம் எல்லார்க்கும் பொது. அதன் அருகே வாழும் உரிமை வாங்க வல்லார்க்கே உரியதாயிற்று. நகரமைப்பு நூல்கள் புல்வாய்க்காலின் படத்தை விரும்பி வெளியிடுகின்றன. இவ்விலையுயர்வுக்கு அவை தரும் இடம் சிறிது.

ஜூடி கார்பெட் பின்னாளில் உள்ளாட்சி அமைப்புகளிடையே பணியாற்றினார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் 1991இல் அளிக்கப்பெற்ற அவானி நெறிகளை வகுப்பதில் அவர்க்குப் பங்குண்டு. நிலத்தின் இயல்பான வடிகாலையும் தாவரங்களையும் இயன்றவரை காக்க வேண்டும் என்பது அந்நெறிகளுள் ஒன்று.