துணைப்பாடம்: தமிழ்த் துறைக்குள் புனைகதை வந்த வழி

தமிழ் நாவலின் வயதை 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலிருந்து கணக்கிடுகிறோம். கல்லூரித் தமிழ்த் துறைக்குள் புனைகதை நுழைந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. நுழைந்த விதம்தான் இங்கே முக்கியம். 1887இல் சி.வை.தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் உ.வே.சா. சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தார்கள். இத்தகைய மீட்பின்மீதுதான் தமிழ்க் கல்விப்புலம் தன் கௌரவத்தைக் கட்டிக்கொண்டது. இலக்கணமும் சங்கமும் காப்பியமும் 'பாடம்'. புனைகதை 'துணைப்பாடம்', மாணவர் வாயில் 'நான்டீடெய்ல்'. வரிவரியாப் படிக்க வேண்டாம், கதை தெரிஞ்சாப் போதும் என்பதே இதன் பொருள்.

இதை வெறும் நிர்வாக ஏற்பாடு என்று தள்ளிவிட முடியாது. ஒரு வாசிப்பு முறையையே இது உற்பத்தி செய்தது. நான் எம்.ஏ. படித்தபோதும் 'கதைக்கருவை விளக்குக', 'பாத்திரப் படைப்பை ஆராய்க' என்றுதான் வினாத்தாள் கேட்டது. ஆய்வேடுகள் 'இன்னாரின் நாவல்களில் சமுதாயச் சிந்தனைகள்' என்று வரிசைகட்டி நின்றன. கரும்பைப் பிழிந்து சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையை எறிவதுபோலக் கருத்தை எடுத்துக்கொண்டு மொழியை எறியும் முறை இது. இதற்கு வாகான புனைகதை நீதி சொல்லும் புனைகதைதான். பேராசிரியராகவே இருந்து நாவலும் எழுதிய மு.வ. அங்கே சிரமமில்லாமல் இடம்பிடித்தார். புனைகதையின் மொழி குறித்த விவாதம் கல்லூரிச் சுவருக்கு வெளியே, க.நா.சு.விடமும் 1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து'விலும் நடந்தது. ஈழத்தில் பல்கலைக்கழகத்துக்குள் இருந்துகொண்டே 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) எழுதிய கைலாசபதி ஒரு விலக்கு. ஆனால் அவருடைய சமூகவியல் பார்வையும் இங்கே வந்து சேரும்போது இன்னொரு 'கருத்துப் பிழிவாக' ஆகிப்போனது.

இந்த முறையின் விளைவு 2014இல் தெரிந்தது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' ஆகிய கதைகளைச் சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. தலித்துகளை இழிவாகச் சித்திரிக்கின்றன என்பது குற்றச்சாட்டு. எழுத்தாளர்கள் பலர் இதைக் கருத்துச் சுதந்திரப் பிரச்சினையாக மட்டும் பார்த்தார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. வகுப்பில் வாத்தியார் ஒரு சாதிப்பெயரை உரக்க வாசிக்கும்போது அந்தச் சாதிப் பிள்ளையின் பக்கம் நாலு தலைகள் திரும்பும். அந்த வலி கற்பனையல்ல. அதைப் பேசாமல் பிரதியின் மேன்மையைப் பேசுவது மேட்டிமைத்தனம்.

ஆனால் வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியை எந்தெந்த அதிகாரங்கள் கைமாற்றி நசுக்குகின்றன? அவளை இழிவுபடுத்தும் சொல் யார் வாயிலிருந்து வருகிறது? கதைசொல்லியின் எள்ளல் யார்மேல் விழுகிறது? அந்த எள்ளலுக்குள்ளும் ஒளிந்திருக்கும் சாதிமனம் எது? இவையே வகுப்பில் எழ வேண்டிய கேள்விகள். கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேட்டவர் ராஜ் கௌதமன். புதுமைப்பித்தனைக் கடுமையாக விசாரிக்க ஒரு முழு நூலே எழுதினார். பிரதிக்கு எதிர்வினை இன்னொரு வாசிப்புதான் என்பதற்கு அது சான்று. கதைச் சுருக்கம் மட்டும் கேட்கும் வகுப்பறையில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை. அங்கே சொல் தனியே உதிர்ந்து கிடக்கும். உதிர்ந்த சொல் காயப்படுத்தவே செய்யும். கற்பித்த முறையும் நீக்கிய முறையும் ஒன்றே. இரண்டுமே கதையை வாசிக்கவில்லை.

நீக்கும் அதிகாரம் ஒருமுறை நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டால் அது யார் பக்கமும் நிற்காது. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவை பாமாவின் 'சங்கதி'யும் சுகிர்தராணியின் கவிதைகளும், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி'யும். ஒரு இடத்தில் தலித்துகளை இழிவுபடுத்துகிறது என்று நீக்கினார்கள். இன்னொரு இடத்தில் தலித் பெண்களே எழுதியதை நீக்கினார்கள். காரணங்கள் எதிரெதிர், கை ஒன்று.

எனவே பாடத்திட்டத்தில் யார் இருக்க வேண்டும் என்ற சண்டையோடு நாம் நின்றுவிட முடியாது. எப்படி வாசிப்பது, வகுப்பில் யார் பேசுவது என்பதும் அதே அளவு அரசியல்தான். 'துணை' என்ற முன்னொட்டைப் பிடுங்காதவரை, எவ்வளவு நல்ல கதையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாலும் அது சக்கையாகத்தான் வெளியே வரும்.