சீசாவின் மேல் எழுதிய ஊர்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அத்தர் பற்றியது. அத்தர் வாசம் ஒத்துக்கொள்ளாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். இதில் வாசத்தைவிட வரலாறுதான் அதிகம்.

துபாயில் வேலை செய்யும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு சிறு பெட்டி கொடுத்தான். உள்ளே சுண்டுவிரல் அளவில் நான்கு அத்தர் சீசாக்கள். ஒட்டியிருந்த தாள்களில் நான்கு பெயர்கள்: காஷ்மீர், கன்னோஜ், மைசூர், ஷாலிமார். 34 வருடம் வரலாறு நடத்தியவனுக்கு ஊர்ப் பெயரைப் பார்த்தால் கை தானாக வரைபடத்தைத் தேடும். ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு, தேய்க்கக் கூடாது, ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். முதலில் எழும் வாசம் சீக்கிரம் பறந்துவிடும். நின்று நிலைப்பதுதான் சரக்கு.

முதல் நாள், காஷ்மீர். ஈர மண்ணும் பழைய மரப்பெட்டியும் கொஞ்சம் கற்பூரமும் கலந்த வாசம். இது பச்சோலி என்ற செடியின் இலை எண்ணெய். அந்தச் செடி காஷ்மீரில் விளைவதில்லை! தென்கிழக்கு ஆசியாவின் வெப்பமான, ஈரமான நிலம்தான் அதன் வீடு. இன்று உலகுக்கு வரும் பச்சோலி எண்ணெயில் பெரும்பகுதி இந்தோனேசியாவில் எடுக்கப்படுகிறது. அங்கே அதன் பெயர் நிலம். இன்னொரு செய்தி தமிழர்களுக்கு. பச்சோலி என்ற சொல்லின் வேர் தமிழில் இருப்பதாக ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. நம் பச்சிலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு காஷ்மீர் எப்படி வந்தது? நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பிறகு காஷ்மீர் சால்வை பிரான்சில் பெரிய மோகமானது. அவர் மனைவி ஜோசபினே அதற்குப் பெயர் போனவர். கம்பளியைப் பூச்சி அரிக்காமலிருக்க இந்தியாவிலிருந்து போகும் சால்வை மடிப்புகளுக்குள் உலர்ந்த பச்சோலி இலையை வைத்து அனுப்பினார்கள். நம் பாட்டிமார் துணிப்பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்ததைப் போலத்தான். ஐரோப்பியச் சீமாட்டிகளோ அந்த வாசத்தையே அசல் சால்வையின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். வாசம் இல்லையென்றால் போலி. இதைக் கண்டுகொண்ட பிரெஞ்சு நெசவு முதலாளிகள் அந்த இலையை வரவழைத்துத் தங்கள் போலிச் சால்வைக்கும் வாசம் ஏற்றினார்கள். அந்துப்பூச்சி மருந்து இப்படித்தான் அசல் இந்திய மணமாயிற்று.

ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரிலும் இந்தச் சால்வையைப் பார்த்து நெய்தார்கள். நம் பட்டுச்சேலையில் இருக்கிற மாங்காய் டிசைனுக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் பெய்ஸ்லி என்றுதான் பெயர். அந்தப் பூவேலையைத் தலைமுறை தலைமுறையாக நெய்த காஷ்மீர் நெசவாளியின் ஊர்ப் பெயர் அதில் இல்லை.

இரண்டாம் நாள், கன்னோஜ். உத்தரப் பிரதேசத்தில் கங்கைச் சமவெளியில் இருக்கும் ஊர். ஹர்ஷவர்த்தனரின் தலைநகரம் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்த ஊர்தான் இன்று அத்தருக்குப் பெயர் பெற்றது. என் கையில் இருந்தது 'மிட்டி அத்தர்', அதாவது மண் அத்தர். கோடை மழையின் முதல் தூறலில் எழும் மண்வாசம் அப்படியே.

செய்முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். சூளையில் சுட்ட களிமண் துண்டுகளை 'தேக்' என்ற பெரிய செப்புப் பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, கீழே விறகெரிப்பார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக 'பப்கா' என்ற இன்னொரு செப்புப் பாத்திரத்துக்குப் போகும். அது தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும். உள்ளே சந்தன எண்ணெய் இருக்கும். மண்வாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அந்தச் சந்தன எண்ணெய்தான். தீ எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பாத்திரத்தின் சத்தத்தையும் சூட்டையும் வைத்தே தொழிலாளி முடிவு செய்கிறார்.

1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் இந்த மழை மண்வாசத்துக்கு 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நேர்மையான மனிதர்கள், உத்தரப் பிரதேசத்தில் இந்த மணத்தை ஏற்கெனவே அத்தராக இறக்குகிறார்கள் என்பதையும் அதே கட்டுரையில் குறிப்பிட்டார்கள். ஆனால் உலகத்தின் நினைவில் பெட்ரிகோர் என்ற சொல்தான் நின்றது. தேக் அடியில் தீ பார்த்தவரை யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள், மைசூர். சந்தனம். நால்வரில் இவர்தான் நிதானமானவர்; மறுநாள் காலையிலும் மணிக்கட்டில் இருந்தார். சந்தனமரம் பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைச் செலுத்திச் சத்து எடுத்து வளரும். உள்ளே வைரம் பாய்ந்து எண்ணெய் ஊறப் பல வருடங்கள் ஆகும். 1792இல் மைசூரில் அது அரச மரமாக அறிவிக்கப்பட்டது. (பிள்ளையார் சுற்றும் அரசமரம் அல்ல, அரசனுக்குச் சொந்தமான மரம்!) முதல் உலகப் போர் வந்து ஐரோப்பாவுக்குப் போகும் கட்டை தேங்கி நின்றபோது, 1916இல் மைசூர் அரசே எண்ணெய் ஆலை தொடங்கியது. மைசூர் என்ற பெயர் உலகமெல்லாம் மணக்க அது ஒரு காரணம்.

ஆனால் மன்னர் போன பிறகும் அந்தச் சட்டத்தின் மனம் போகவில்லை. தன் சொந்த நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரமும் அரசாங்கத்துக்கே என்று கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் நெடுங்காலம் இருந்தது. மரம் திருட்டுப் போனால் விவசாயி பதில் சொல்ல வேண்டும். பிறகு யார் வளர்ப்பார்கள்? கன்று தலைகாட்டியதும் பிடுங்கி எறிவதே புத்திசாலித்தனமாயிற்று. 2001, 2002இல் இரு மாநிலங்களும் சட்டத்தைத் திருத்தின. அதற்குள் நம் ஜவ்வாது மலை போன்ற இடங்களில் வெட்டும் கடத்தலும் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தன. இன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனுரா பகுதியில் ஆற்றுப் பாசனத்தில் இதே இந்தியச் சந்தனம் பெருந்தோட்டமாக வளர்கிறது. ஆகவே மைசூர் என்று எழுதிய என் சீசாவில் இருப்பது எந்த நாட்டு மரமோ!

நான்காம் நாள், ஷாலிமார். 1925இல் பாரிஸ் கண்காட்சியில் கெர்லான் நிறுவனம் இந்தப் பெயரில் ஒரு வாசனைத் திரவியத்தை வைத்தது. என் பெட்டியில் இருந்தது அதைப் பார்த்துச் செய்த எண்ணெய். ஷாஜகானும் மும்தாஜும் ஷாலிமார் தோட்டத்தில் காதலித்த கதைதான் அதன் விளம்பரம். பழைய வாத்தியார் சும்மா இருப்பானா? காஷ்மீர் ஷாலிமார் 1619இல் ஜகாங்கீர் காலத்தில் தொடங்கியது. ஷாஜகான் கட்டிய லாகூர் ஷாலிமார் தொடங்கியது 1641இல். மும்தாஜ் இறந்தது 1631இல்!

அது போகட்டும், சீசாவுக்குள் என்ன? மேலே இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமாட் பழத்தோலின் வாசம். அடியில் வனிலா. வனிலா மெக்சிகோவின் கொடி. இந்தியப் பெருங்கடலில் அன்று பூர்போன் எனப்பட்ட ரீயூனியன் தீவுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். கொடி படர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் மெக்சிகோப் பூச்சிகள் அங்கே இல்லை. 1841இல் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு சிறு குச்சியால் பூவின் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வை விலக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திவிட்டான். காய் பிடித்தது. தீவெங்கும் தோட்டம் தோட்டமாக அவனைக் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னார்கள். முதலாளிகள் செல்வந்தர்கள் ஆனார்கள்.

1848இல் அடிமைமுறை ஒழிந்தது. எட்மண்டுக்கு விடுதலையும் அல்பியஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. பணம் எதுவும் கிடைக்கவில்லை. அவன் கண்டுபிடிப்பைத் தனதென்று ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் உரிமை கொண்டாடவும் செய்தார். அவனுடைய பழைய எஜமான் மட்டும், இது இந்தப் பையன் கண்டதுதான் என்று எழுதி நின்றார். 1880இல் எட்மண்ட் வறுமையில் இறந்தார். இன்றும் மடகாஸ்கரில் ஒவ்வொரு வனிலாப் பூவையும் அவர் காட்டிய முறையில்தான் கையால் தொட்டுவிடுகிறார்கள். பூ திறந்திருப்பது ஒரே ஒரு நாள்.

நான்கு சீசாவையும் முகர்ந்த பிறகு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். தொலைதூர ஊரின் பெயருக்கு எப்போதும் விலை இருக்கிறது. அந்த ஊரில் இலை பறித்தவர், தீ பார்த்தவர், மரத்துக்குப் பயந்து கன்றைப் பிடுங்கியவர், பூவைத் தொட்டவர் இவர்களுக்கு அந்தத் தாளில் இடம் இல்லை. அத்தர் பூசாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நான் தினமும் பூசிக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் மண் அத்தருக்குத்தான் அதிக ஓட்டு.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலனி ஆதிக்கப் பாடம் நடத்தும்போது ஆண்டுகளோடு நிறுத்தாமல், வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கே விளைந்தது, யார் கை பட்டது, யார் பெயர் வைத்தது என்று மூன்று கேள்வி போதும். மற்றவர்கள், அடுத்த முறை பேரப்பிள்ளை வனிலா ஐஸ்கிரீம் கேட்கும்போது எட்மண்டின் கதையைச் சொல்லி வாங்கிக் கொடுங்கள். அவனும் அப்போது அவர்கள் வயதுப் பையன்தான்.